மூன்று ரெசிஸ்டர் எரித்த கார்: ஒரு புளோவர் கோளாறின் நிகழ்வு ஆய்வு

வாகனம், ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த 1300 சீசி சிறிய கார். ஏசி கைமுறை. காருக்குள் காற்றைத் தள்ளும் விசிறி மோட்டாரான புளோவருக்கு நான்கு வேகம். ஹட்டனில் வாடகைக்கு ஓடுகிறது. பெரும்பாலும் ஏ7 வீதியில் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா போய் வரும். முறைப்பாடு இதுதான்: 1, 2, 3 ஆகிய வேகங்களில் காற்று இல்லை, 4 இல் மட்டும் வரும். இப்போது அதுவும் இடையிடையே நின்றுபோகிறது. "குளோவ் பொக்ஸுக்குக் கீழ தட்டினா ஓடுதுண்ணே, அடுத்த வளைவுல நின்னுருது" என்று சாரதி சொன்னார்.

இரண்டு மாதத்துக்குள், புளோவரின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் மூன்று போயிருந்தது. வாகனத்தோடு வந்தது முதலில் எரிந்தது. மாற்றியது மூன்று வாரம் தாங்கியது. அதற்கடுத்தது ஒன்பதாவது நாளே போய்விட்டது. ஏசி பில்டரையும் ஒருமுறை மாற்றியிருந்தார்கள். பியூஸ் ஒருதடவைகூடப் போகவில்லை. அதனால்தான் மோட்டார் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொழும்பில் புளோவர் நின்றால் வியர்வை மட்டும்தான். 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் இரவு நேரம் நின்றால் முன் கண்ணாடி மறைந்துபோகும். 20 பாகை காற்று ஒரு கன மீற்றருக்கு 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கும். 10 பாகையில் அது 9 கிராம் சொச்சம்தான். நான்கு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் மூடிய காரில் மிச்ச நீராவி முழுவதும் போய்ப் படிவது குளிர்ந்த கண்ணாடியில். வெளியே மூடுபனி, உள்ளே ஆவி, எதிரே தேயிலைத் தோட்ட லொறி. மலையகத்தில் புளோவரையும் பிரேக், வைப்பரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

முதலில் 1, 2, 3 ஏன் ஒன்றாகச் சாகின்றன என்பதைப் பார்ப்போம். ரெசிஸ்டர் கட்டை என்பது வரிசையாக இணைந்த மூன்று கம்பிச் சுருளும், சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் ஒரு வெப்பப் பியூஸும். 1 இல் மூன்று சுருளும் மோட்டாரோடு தொடரில் நிற்கும், 2 இல் இரண்டு, 3 இல் ஒன்று. 4 இல் எந்தச் சுருளும் இல்லை. மோட்டாருக்கு முழு மின்னழுத்தமும் நேராகப் போகும். வெப்பப் பியூஸ் திறந்துவிட்டால் முதல் மூன்று வேகமும் சேர்ந்து போய்விடும், 4 மட்டும் நிற்கும். இந்த அடையாளம் தெரிந்தால் ரெசிஸ்டர் போனது என்று மீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். அது ஏன் போனது என்பதுதான் மீட்டருக்கான கேள்வி. அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால்தான் இந்தக் கார் மூன்று ரெசிஸ்டர் தின்றது.

சோதனையை 4 ஆம் வேகத்தில், மோட்டார் நின்றுபோயிருக்கும் தருணத்தில் தொடங்கினோம். 21 வொட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றுக்கு இரண்டு வயர் பிடித்து, மோட்டார் சொக்கெட்டின் பின்பக்கத்தால் இரண்டு முனையிலும் சொருக வேண்டும். வெறும் மீட்டர் போதாது. கரண்ட் ஓடாதபோது அழுகிய வயர்கூட மீட்டருக்கு 12 வோல்ட் காட்டும். பல்பு ஏறக்குறைய 1.75 அம்பியர் இழுப்பதால் அந்தப் பொய் அங்கே செல்லாது. மோட்டார் நின்றிருக்க பல்பு பிரகாசமாக எரிந்தால் கோளாறு மோட்டாருக்குள்ளே. பல்பும் எரியாவிட்டால் பியூஸ், ரிலே, சுவிட்ச், வயர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். இந்தக் காரில் பல்பு நன்றாக எரிந்தது. மோட்டார் உடலில் திருப்புளிப் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடத் தொடங்கியது. மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, அல்லது அதன் குழிக்குள் சிக்கி, தான் உரச வேண்டிய செம்பு வளையமான கொமியூட்டேட்டரைத் தொடாமல் நின்றிருக்கிறது என்று அப்போதே எழுதிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்டை அளந்தோம். இங்கே ஓர் எச்சரிக்கை: சாதாரண மீட்டரின் அம்பியர் துளை 10 அம்பியர் வரைதான். புளோவரை அதற்குள்ளால் விட்டால் மீட்டரின் பியூஸ் போகும், மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போகும். பற்றரியின் டிசி கரண்டை, வயரைச் சுற்றிப் பிடித்தே அளக்கும் கிளாம்ப் மீட்டர் தேவை. வீட்டு வயரிங் வேலைக்கு விற்கும் பல கிளாம்ப் மீட்டர்கள் வீட்டு மின்சாரமான ஏசி கரண்டை மட்டுமே அளக்கும், காரில் பூச்சியம் காட்டும். வாங்கும்போது டிசி அம்பியர் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் பூச்சியத்துக்குச் சரிசெய்யுங்கள்.

4 ஆம் வேகத்தில் 19.4 அம்பியர். இந்த அளவு காரில் நல்ல மோட்டார் 12, 13 அம்பியரோடு நிற்கும். 30 அம்பியர் பியூஸுக்கு 19 ஒரு பாரமே இல்லை. பியூஸ் போகாத மர்மம் அங்கேயே தீர்ந்தது.

அடுத்து பில்டர். "பில்டர் அடைத்தால் மோட்டாருக்குப் பாரம் கூடும்" என்று பல கராஜ்களில் நம்புகிறார்கள். புளோவர் விசிறி உருளை வடிவம், நடுவால் இழுத்து ஓரத்தால் தள்ளும் வகை. காற்று போகும் வழி அடைபட்டால் அது தள்ளும் காற்று குறையும், வேலை குறையும், கரண்டும் குறையும். இந்தக் காரில் பில்டரோடு 17.8 அம்பியர், பில்டரைக் கழற்றியதும் 19.4. பில்டர் சுத்தமாவதால் கரண்ட் கூடத்தான் செய்யும். ஆகவே கூடுதல் கரண்டுக்குப் பில்டர் காரணமாக முடியாது. அடைபட்ட பில்டர் செய்யும் கெடுதல் வேறு: ரெசிஸ்டர் சுருள்கள் காற்றோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருப்பது அந்தக் காற்றால் ஆறுவதற்காக. காற்று குறைந்தால் அவை ஆறாது.

மைனஸ் பக்கத்தையும் பார்த்தோம். பல ஜப்பானியக் கார்களைப் போல இதிலும் மோட்டாருக்குப் பிளஸ் நேராக ரிலே வழியாக வருகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது எர்த் பக்கம். மீட்டரின் கறுப்பு முனையைப் பற்றரி மைனஸிலும் சிவப்பு முனையை மோட்டார் மைனஸிலும் வைத்து 4 இல் ஓடவிட்டால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வந்தது 1.4 வோல்ட். அதில் 1.1 வோல்ட் ரெசிஸ்டர் சொக்கெட்டில் மட்டும். மோட்டாரின் மைனஸ் வயர் அந்தச் சொக்கெட் வழியாகத்தான் சுவிட்சுக்குப் போகிறது, அதனால் 4 ஆம் வேகத்தின் முழுக் கரண்டும் அதனூடாகவே ஓடுகிறது. 19.4 அம்பியரை 1.1 ஆல் பெருக்கினால் 21 வொட். இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் சூடு, கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சொக்கெட்டுக்குள். கழற்றிப் பார்த்தபோது ஒரு துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி இளகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளை நாக்கு நீலம் பாய்ந்து, பிடிப்பு இழந்து வாய் திறந்திருந்தது. மூன்று ரெசிஸ்டரும் இந்த வாய்க்குள்தான் சொருகப்பட்டிருந்தன.

மோட்டார் சுற்றச் சிரமப்படும் அளவுக்கு இறுகினால் ரெசிஸ்டருக்கு என்ன ஆகும் என்பதை எண்ணிக்கையில் பார்த்தால் விளங்கும். இந்தக் கட்டையில் 1 ஆம் வேகத்துக்கு 2.6 ஓம், 2 க்கு 1.2, 3 க்கு 0.4. நல்ல மோட்டார் 3 இல் சுமார் 8.5 அம்பியர் இழுக்கும். சுருளில் எரிவது 29 வொட். இறுகிய மோட்டார் 13 இழுத்தது. சுருளில் 68 வொட், இரண்டு மடங்குக்கு மேல். 1 இல் நிலைமை இதைவிட மோசம். நல்ல மோட்டார் 3.4 அம்பியரில் மெல்லச் சுற்றும், 30 வொட் அளவு. இறுகியது சுற்றவே இல்லை, அப்படியே நின்று 4.7 அம்பியர் இழுத்தது. 57 வொட் சூடு, ஆற்றுவதற்கு ஒரு துளி காற்றும் கிடையாது. இரவில் கண்ணாடி லேசாக ஆவி பிடிக்கும்போது சாரதிகள் வைப்பது 1 தானே! சத்தம் இல்லாததால் "மெல்ல ஓடுது" என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவார்கள். இந்த அளவுகளுக்காகப் புதிய ரெசிஸ்டர் ஒன்றை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே வைத்து எடுத்தோம்.

மோட்டாரை இறக்குவது கடினமில்லை. வலப்பக்க ஸ்டியரிங் கார்களில் புளோவர் பெரும்பாலும் இடப்பக்கம், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால். பெட்டியின் இரு பக்கத் தடைகளையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கும். சொக்கெட்டைக் கழற்றி, மூன்று திருகாணியை எடுத்தால் மோட்டார் விசிறியோடு கீழே வரும். மோட்டார் உடலுக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் சிறிய ரப்பர் குழாய் சில கார்களில் உண்டு. திரும்பப் பூட்டும்போது அதை மறந்துவிட்டால் புதிய மோட்டாரும் சூட்டில் சாகும்.

விசிறிக் கூட்டுக்குள் ஒரு கைப்பிடி பைனஸ் ஊசி இலை, நனைந்து காய்ந்து இறுகிய நிலையில். விசிறியைக் கழற்றி வெறும் மோட்டாரை 20 அம்பியர் பியூஸ் போட்ட வயரால் பற்றரியில் கொடுத்தோம்: 8.6 அம்பியர். விசிறி இல்லாத நல்ல மோட்டார் 2, 3 அம்பியரில் ஓட வேண்டும். தண்டைக் கையால் சுழற்றினால் சில சுற்றாவது தானாக ஓட வேண்டும். இது விரலை எடுத்த இடத்திலேயே நின்றது. பிரித்துப் பார்த்ததில், தண்டு சுழலும்போது அதைத் தாங்கும் வளையமான மேல் புஷ் இருக்கும் இடத்தில் தண்டைச் சுற்றிச் செந்துரு வளையம். பிரஷ் இரண்டில் ஒன்று 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்து குழிக்குள் சாய்ந்திருந்தது. கொமியூட்டேட்டரில் நகம் தட்டும் அளவு பள்ளம்.

துரு என்றால் தண்ணீர். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? வைப்பர் கைகளுக்குக் கீழே, பொனட்டின் பின் விளிம்பில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடையைக் கழற்றியதும் விடை கிடைத்தது. அதன் கீழே உள்ள தகரத் தொட்டியில் மழைநீர் விழும். இரு ஓரத்திலும் உள்ள வடிகால் துளையால் சக்கர வளைவுக்குள் இறங்கிவிடும். வெளிக்காற்று புளோவருக்குள் இறங்கும் வாயும் அதே தொட்டியில், சற்று உயர்ந்த விளிம்போடு இருக்கிறது. இடப்பக்க வடிகால் பைனஸ் ஊசியாலும் யூக்கலிப்டஸ் இலையாலும் மண்ணாலும் அடைத்திருந்தது. கார் தரிக்கும் இடம் பைனஸ் மரத்தின் கீழ், அதுவும் இடப்பக்கம் சரிந்த நிலம். ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழை. தொட்டியில் தேங்கிய நீர் உயர்ந்து காற்று வாய்க்குள் வழிந்து நேரே விசிறி மேல் விழுந்திருக்கிறது. இடப்பக்கக் கால் விரிப்பின் அடியும் ஈரம். "ஏசித் தண்ணி" என்று அதை விட்டிருந்தார்கள். ஏசி நீர் என்றால் ஏசி போட்டு ஓடிய நாட்களில் மட்டும் நனையும். மழை இரவுக்குப் பின் ஏசி போடாமலே நனைந்தால் மேலிருந்து வருகிறது.

இனி சங்கிலி முழுமை. இலை அடைத்தது, நீர் இறங்கியது, புஷ் துருப்பிடித்து மோட்டார் இறுகியது. கரண்ட் கூடியதால் ரெசிஸ்டரும் சொக்கெட்டும் எரிந்தன, பிரஷ் வேகமாகத் தேய்ந்தது. சாரதியின் கண்ணுக்குத் தெரிந்தது கடைசி வளையம் மட்டும்.

பழுதுபார்ப்பு மேலிருந்து கீழாக. முதலில் வடிகால். இலையைக் கையால் அள்ளி எடுங்கள். கம்பியால் உள்ளே குத்தித் தள்ளினால் அடைப்பு கண்ணுக்கு எட்டாத வளைவில் போய் உட்காரும். பிறகு 10 லீற்றர் தண்ணீரைத் தொட்டியில் மெல்ல ஊற்றினோம். இரு சக்கரத்துக்கும் பின்னால் தாரையாக இறங்கியது, காற்று வாய்ப் பக்கம் ஈரம் இல்லை.

மோட்டாரைத் திருத்தலாமா என்பது தனிக் கேள்வி. புஷ் மட்டும் காய்ந்து, கொமியூட்டேட்டர் வழுவழுப்பாக இருந்தால் திருத்துவது நியாயம். புஷ்ஷைப் பெற்றோலால் கழுவாதீர்கள். அது எண்ணெய் ஊறிய வெண்கலத் துகள்களால் ஆனது, கழுவினால் அந்த எண்ணெயும் போய்விடும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் அதே கதைதான்: இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு முன்பைவிட இறுகும். துடைத்துவிட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் இரண்டு துளி போதும். கூடினால் பிரஷ் மேல் தெறிக்கும். இந்த மோட்டாரில் கொமியூட்டேட்டரே பள்ளமாகிவிட்டதால் மாற்றுவதே சரி.

கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ உள்ளூர்க் கடையிலோ ரிகண்டிஷன் மோட்டார் வாங்கும்போது கடையிலேயே பற்றரி கொடுத்து ஓடவைத்து, கிளாம்ப் மீட்டரால் அளந்து வாங்குங்கள். கையால் சுழற்றியும் பாருங்கள். சொக்கெட் வடிவம், விசிறியின் விட்டம், உயரம், சுழலும் திசை நான்கும் பழையதோடு ஒத்துவர வேண்டும். திசை விடயத்தில் ஒரு பொறி உண்டு: பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும், ஆனாலும் காற்று அதே வாயால்தான் வரும், பலம் மட்டும் குறைவாக. சத்தம் சரியாக இருப்பதால் யாரும் கண்டுபிடிப்பதில்லை. சொக்கெட்டை வெட்டி ஒட்டிய கார்களில் புளோவர் "வீக்" என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். விசிறித் தகடுகளில் சின்ன உலோகக் கிளிப் ஒட்டியிருந்தால் அது சமநிலை எடை, குப்பை என்று பிடுங்கக் கூடாது.

எரிந்த சொக்கெட்டை வெட்டி எறிந்தோம். மலையக ஈரத்தில் செம்பு வயர் உறைக்குள்ளேயே பச்சையும் கறுப்புமாகிவிடும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்ட வேண்டும். இங்கே 6 சென்ரிமீற்றர் போனது. அதே வடிவச் சொக்கெட்டை 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரோடு, நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் முறையில், சுருங்கு குழாய் போட்டு இணைத்தோம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இந்தக் கரண்டைத் தாங்காது. சுவிட்சின் 4 ஆம் தொடுகையையும் பார்த்தோம். லேசான கறுப்பு மட்டும், சுத்தம் செய்தது போதுமாக இருந்தது.

வெப்பப் பியூஸைக் கம்பியால் இணைத்து மூன்று வேகத்தையும் "திரும்ப எடுத்துத் தருவது" சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், யாரும் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள். அந்தச் சுருள் சிவக்கும் இடத்துக்குச் சில சென்ரிமீற்றர் தூரத்தில் காய்ந்த பைனஸ் ஊசி கிடந்ததை மேலே சொன்னோம்; சுற்றிலும் பிளாஸ்டிக் கூடு. வெப்பப் பியூஸ் இருப்பதே கார் எரியாமல் தான் எரிந்துபோவதற்காக. பெரிய பியூஸ் போடுவதும் அப்படித்தான்.

வேலை முடிந்தபின் அளவுகள்: 4 இல் 12.6 அம்பியர், மைனஸ் பக்க இழப்பு 0.25 வோல்ட். மோட்டார் முனைகளுக்கிடையே 1 இல் 4.9, 2 இல் 7.3, 3 இல் 10.2 வோல்ட். 1 இல் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சொக்கெட்டைத் தொட்டபோது இளஞ்சூடு மட்டும்.

இதே முறைப்பாட்டோடு வந்து வேறு நோயாக இருக்கும் கார்களும் உண்டு. புளோவர் சத்தம் மாறாமல், அரை மணி நேரத்தில் காற்று மட்டும் மெல்ல மெல்லக் குறைந்து, பத்து நிமிடம் நிறுத்தி வைத்தபின் கீழே நீர் கொட்டி மறுபடி காற்று வந்தால், ஏசியில் காற்றைக் குளிர்விக்கும் பகுதியான கூலரில் பனிக்கட்டி படிகிறது. மோட்டாரைத் தொட வேண்டாம்; கூலர் சென்சரையும் காஸ் அளவையும் பாருங்கள். தன்னியக்க ஏசி உள்ள கார்களில் இந்த ரெசிஸ்டர் கட்டை பெரும்பாலும் இராது, அந்த இடத்தில் பவர் ட்ரான்சிஸ்டர் இருக்கும். அது போனால் புளோவர் ஒன்றில் அடியோடு நிற்கும், இல்லையேல் முழு வேகத்தில் நிற்காமல் ஓடும். அதைக் கொல்வதும் பெரும்பாலும் இறுகிய மோட்டார்தான்.

காற்று பலமாக வந்து சூடு மட்டும் இல்லையென்றால், என்ஜின் நீரைச் சூடாகும்வரை தடுத்து வைக்கும் தேர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்நாட்டில் என்ஜின் சூடாகிறது என்று அதைக் கழற்றி எறிந்த கார்கள் நிறைய மலையேறி வருகின்றன. 82 பாகை அளவில் திறக்க வேண்டிய கதவு இல்லாமல் போனால், நுவரெலியாக் குளிரில் என்ஜின் நீர் தேவையான சூட்டுக்கே வராது. ஒழுகிய ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து மூடிவிட்டிருப்பார்கள் சிலர். பொனட்டைத் திறந்தாலே தெரியும்.

கண்ணாடியை வேகமாகத் தெளிய வைக்க ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட வேண்டும். கூலர் காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும். வெளிக்காற்று நிலையில் வையுங்கள். உள்சுற்றில் பயணிகளின் மூச்சே திரும்பத் திரும்ப வரும்.

றம்பொடைப் பக்கமோ நானுஓயாவிலோ இரவில் புளோவர் வழியிலேயே நின்றுவிட்டால், 4 க்குத் திருப்பிப் பாருங்கள்; ரெசிஸ்டர் மட்டும் போயிருந்தால் காற்று வரும். வராவிட்டால் வெளிக்காற்று, கண்ணாடிப் பக்கம், முழுச் சூடு என மூன்றையும் வைத்து, பின் ஜன்னல் இரண்டையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள். கார் ஓடும் வேகத்தில் வைப்பருக்குக் கீழுள்ள வாயால் கொஞ்சம் காற்று தானாக உள்ளே தள்ளப்படும், பின் ஜன்னலால் ஈரம் வெளியேறும். உலர்ந்த பருத்தித் துணி ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். கார் நின்றால் அந்தக் காற்றும் நின்றுவிடும். அப்போது கண்ணாடி மறைந்தால், வளைவு இல்லாத அகலமான ஓரம் பார்த்து ஹசார்ட் விளக்கைப் போட்டு நிறுத்தி, துடைத்துவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.